வியாபாரமும் வேடிக்கையும்: பிறர் வழிபாட்டைக் கேலியாக்கும் விளம்பரங்கள்

அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலிஹில் கரீம், வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஃது.



சில நாட்களுக்கு முன் மஃரிபு தொழுகை முடிந்து உட்கார்ந்திருந்தபோது நம் மஹல்லாவைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் அருகில் வந்தார். கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். உருளைக்கிழங்கு சிப்ஸ் விளம்பரம். வாட்ஸ்அப் குழுவில் யாரோ சிரிப்புப் பொம்மைகளோடு அனுப்பியிருந்தார்கள். "ஹஜரத், இதைப் பார்த்து நாங்களும் சிரித்துவிட்டோம். ஒருவர் மட்டும், இது தப்பு, அழியுங்கள் என்று சண்டை போட்டார். இது கிறிஸ்தவர்களின் விஷயம்தானே, நமக்கு என்ன?" என்று கேட்டார்.

'நமக்கு என்ன?' என்பது நல்ல கேள்வி. இந்த ஜும்ஆவில் அதற்குத்தான் பதில் தேடப் போகிறோம்.

என்ன நடந்தது?

அது இத்தாலி நாட்டு விளம்பரம். அமிக்கா சிப்ஸ் என்ற நிறுவனம் 2024 ஏப்ரலில் வெளியிட்டது. ஒரு கன்னியர் மடம். இளம் அருட்சகோதரிகள் நற்கருணை பெறுவதற்காக வரிசையில் வருகிறார்கள். பின்னணியில் 'அவே மரியா' இசை. முதல் சகோதரி வாயில் வாங்குகிறார். 'மொறுக்'கென்று சத்தம் கேட்கிறது. அப்பம் வைக்கும் பாத்திரம் காலியாக இருந்ததைப் பார்த்த மடத்தின் தலைமைச் சகோதரி, அதில் உருளைக்கிழங்கு சிப்ஸை நிரப்பி வைத்திருந்தாராம். அவரும் ஓரமாக நின்று பாக்கெட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறார். இவ்வளவுதான் விளம்பரம்.

இத்தாலியிலுள்ள கத்தோலிக்கத் தொலைக்காட்சி நேயர்களின் சங்கம் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தது. கோடிக்கணக்கான மக்கள் தங்கள் உயிரைவிட மேலாக மதிக்கும் ஒன்றைச் சிப்ஸோடு ஒப்பிடுவது அவமதிப்பு என்றது. விளம்பர நிறுவனங்கள் தமக்குத் தாமே ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று அந்நாட்டில் உண்டு. மக்களின் ஒழுக்க, சமய நம்பிக்கைகளைப் புண்படுத்தக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. அந்த விதியைக் காட்டி விளம்பரத்தை நிறுத்தும்படி அந்த அமைப்பு உத்தரவிட்டது. தயாரித்தவர்கள் தரப்பில் சொல்லப்பட்ட பதில், 'இது நையாண்டி, இளைஞர்களுக்காகச் செய்தது' என்பதுதான்.

அவர்களுக்கு அது என்ன?

சகோதரர்களே! ஒருவருக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியாமல் அவருடைய வலியை அளக்க முடியாது. ஆகவே முதலில் அவர்கள் அதை என்னவாகக் கருதுகிறார்கள் என்று தெரிந்துகொள்வோம்.

கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களிடம் ஏழு திருவருட்சாதனங்கள் இருக்கின்றன. திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில் பூசுதல், குருத்துவம், திருமணம் என்பவை அவை. ஒரு மனிதனின் பிறப்பு முதல் இறுதி நோய் வரை அவனுடைய வாழ்க்கை முழுவதையும் இந்த ஏழும் தொடர்ந்து வருகின்றன. அவற்றில் நடுநாயகமானது நற்கருணை. புளிப்பில்லாத கோதுமை அப்பத்தை அருட்தந்தை திருப்பலியில் பிரார்த்தித்து வழங்குவார். அது வெறும் அப்பமல்ல, அந்த நேரம் முதல் ஈஸா (அலை) அவர்களே அதில் இருக்கிறார்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதனால்தான் அதைப் பெறுவதற்கு முன் ஒரு மணி நேரமாவது எதுவும் உண்ணாமல் இருக்கிறார்கள். பெரும்பாவம் செய்தவர் பாவமன்னிப்புப் பெறாமல் அதை வாங்கக் கூடாது என்கிறார்கள். ஒரு துணுக்கு கீழே விழுந்தாலும் மரியாதையோடு எடுக்கிறார்கள். மீதியிருப்பதைப் பேழையில் வைத்துப் பூட்டி, அருகில் விளக்கு ஏற்றி வைக்கிறார்கள்.

இப்போது அந்த 'மொறுக்' சத்தத்தை மீண்டும் கேட்டுப் பாருங்கள். நமக்கு அது ஒரு சிப்ஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் கைகளைக் குவித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் ஒரு வயதான கிறிஸ்தவத் தாய்க்கு அது என்னவாகக் கேட்டிருக்கும்?

நமக்கு அந்த நம்பிக்கை இல்லையே!

உண்மைதான். அதை மறைத்துப் பேச வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஈஸா (அலை) அவர்கள் அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர். அவர்கள் இறைவன் அல்லர், இறைவனின் மகனும் அல்லர். அப்பத்தில் இறைவன் இறங்குகிறான் என்பதை நாம் ஏற்பதில்லை. இது நமது அகீதா. இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

ஆனால் ஏற்காமல் இருப்பது வேறு, இழிவுபடுத்துவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது அல்குர்ஆன்தான். அல்லாஹ்வை விட்டுவிட்டுப் பிறர் அழைத்துப் பிரார்த்திப்பவற்றை ஏசாதீர்கள், ஏசினால் அவர்கள் பகைமையால் அறியாமல் அல்லாஹ்வையே ஏசிவிடுவார்கள் என்று சூரத்துல் அன்ஆமில் அல்லாஹ் தடுக்கிறான் (6:108).

இந்த வசனம் யாருடைய தெய்வங்களைப் பற்றி இறங்கியது? மக்காவின் சிலைகளைப் பற்றி. இணைவைப்பை வேரோடு பிடுங்க வந்த வேதம், அந்தச் சிலைகளைக்கூட ஏசாதே என்கிறது! சிலைகளுக்கே இந்த ஒழுங்கு என்றால், வேதம் கொடுக்கப்பட்டவர்கள் ஒரு நபியின் பெயரால் செய்யும் வழிபாட்டைக் கேலி செய்யலாமா?

இந்த வசனத்திலிருந்து நம் உலமாக்கள் 'ஸத்துத் தராயிஃ' என்ற பெரிய சட்ட விதிக்கு ஆதாரம் காட்டுகிறார்கள். தீமைக்குக் கொண்டு போகும் வழியையே அடைத்துவிடுவது என்று அதற்குப் பொருள். நபி (ஸல்) அவர்கள் இதே பாடத்தை நம் வீட்டுக்குள் கொண்டு வந்து காட்டினார்கள். ஒருவன் தன் பெற்றோரைச் சபிப்பது பெரும்பாவங்களில் உள்ளது என்றார்கள். தன் பெற்றோரை எவனாவது சபிப்பானா என்று தோழர்கள் வியந்தார்கள். இவன் இன்னொருவனின் தகப்பனை ஏசுகிறான், அவன் திருப்பி இவனுடைய தகப்பனை ஏசுகிறான் என்று விளக்கினார்கள் (புகாரி, முஸ்லிம்). பிறருடைய புனிதத்தின் மீது எறிந்த கல் நம்முடைய வாசலில்தான் வந்து விழும்.

'சும்மா தமாஷ்' என்ற சாக்கு

'நாங்கள் யாரையும் ஏசவில்லை, சும்மா தமாஷுக்குச் செய்தோம்' என்பார்கள். இந்தச் சாக்கு பழையது. தபூக் பயணத்தின்போது நயவஞ்சகர்கள் சிலர் கேலி பேசினார்கள். கேட்டபோது, பேச்சுவாக்கில் விளையாடிக்கொண்டிருந்தோம் என்றார்கள். அல்லாஹ்வையும் அவனுடைய வசனங்களையும் அவனுடைய தூதரையுமா நீங்கள் கேலிப்பொருளாக்கிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டு, அந்தச் சாக்கை அல்லாஹ் தள்ளிவிட்டான் (9:65, 66). நமது புனிதங்களை யாராவது கேலி செய்துவிட்டு 'தமாஷ்' என்று சொன்னால் நாம் ஏற்பதில்லை. அப்படியானால் அதே சாக்கை அடுத்தவருடைய விஷயத்தில் நாம் ஏற்கலாமா?

மூஸா (அலை) அவர்கள் மாட்டை அறுக்கும்படி அல்லாஹ்வின் கட்டளையைச் சொன்னபோது, எங்களைக் கேலி செய்கிறீர்களா என்று சமூகத்தார் கேட்டார்கள். அறிவீனர்களில் ஒருவனாக ஆகிவிடுவதை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகிறேன் என்றார்கள் மூஸா (அலை) (2:67). மார்க்க விஷயத்தில் கேலி பேசுவது அறிவீனர்களின் வேலை என்பதை இதிலிருந்து முஃபஸ்ஸிர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஜஃபர் (ரழி) காட்டிய வழி

மாற்றுக் கருத்தை எப்படிச் சொல்வது? ஹபஷாவின் அரசவைக்குப் போவோம்.

மக்காவின் கொடுமை தாங்காமல் முஸ்லிம்கள் கடல் கடந்து அபயம் தேடிப் போனது ஒரு கிறிஸ்தவ மன்னரின் நாட்டுக்கு. அவர்களைத் திருப்பி அனுப்பும்படி குறைஷிகள் இருவரைத் தூது அனுப்பினார்கள். முதல் நாள் வாதம் எடுபடவில்லை. மறுநாள் தூதர் ஒரு தந்திரம் செய்தார். ஈஸாவைப் பற்றி இவர்கள் பெரிய வார்த்தை சொல்கிறார்கள், கூப்பிட்டுக் கேளுங்கள் என்று மன்னரிடம் மூட்டிவிட்டார். இரண்டு சமயத்தாரை மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் வேலை அன்றே இருந்தது!

முஸ்லிம்கள் என்ன செய்தார்கள்? உம்மு ஸலமா (ரழி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட செய்தி முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. உயிருக்கே ஆபத்தான நேரம். ஆனாலும் அல்லாஹ் சொன்னதையே சொல்வது, எது நடந்தாலும் நடக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். ஜஃபர் (ரழி) அவர்கள், ஈஸா அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர், அவனிடமிருந்து வந்த ரூஹ், கன்னி மர்யமிடம் அவன் போட்ட வார்த்தை என்று பதில் சொன்னார்கள். முந்தைய நாள் அவர்கள் சூரா மர்யமின் ஆரம்ப வசனங்களை ஓதியபோதே நஜ்ஜாஷி மன்னர் தாடி நனைய அழுதிருந்தார்கள். இப்போது தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, நீர் சொன்னதற்கும் ஈஸாவுக்கும் இந்தக் குச்சியளவுகூட வித்தியாசம் இல்லை என்றார்கள்.

கவனியுங்கள். ஜஃபர் (ரழி) மன்னரின் மனம் குளிர்வதற்காகக் கொள்கையை மாற்றவில்லை. 'அடியார்' என்ற சொல்லை விழுங்கவில்லை. அதே நேரம் அந்த அவையிலிருந்த பாதிரிமார்களின் வழிபாட்டைப் பற்றி ஒரு கேலிச் சொல்கூட அவர்களுடைய வாயிலிருந்து வரவில்லை. தாங்கள் நேசிக்கும் மர்யமை இவர்களும் நேசிக்கிறார்கள் என்பதைக் கேட்டவர்கள் உணர்ந்தார்கள். கொள்கையில் உறுதியும் சொல்லில் கண்ணியமும் ஒரே நாவில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

கன்னியரும் மர்யம் (அலை) அவர்களும்

இத்தாலி விளம்பரம் முதலாவது அல்ல. பிரிட்டனில் அந்தோனியோ ஃபெடெரிச்சி என்ற ஐஸ்கிரீம் நிறுவனம் 2009இல் ஒரு பாதிரியாரையும் அருட்சகோதரியையும் தகாத நெருக்கத்தில் காட்டி விளம்பரம் செய்தது. அது தடை செய்யப்பட்டது. 2010இல் நிறைமாதக் கர்ப்பிணியாக ஓர் அருட்சகோதரி தேவாலயத்தில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிடுவதாக மறுபடியும் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். மர்யம் (அலை) அவர்களைப் பற்றிய கத்தோலிக்க நம்பிக்கையைக் குறிக்கும் சொற்றொடரை எடுத்து, ஐஸ்கிரீம் பிறந்த கதைக்கு ஒட்டவைத்திருந்தார்கள். ஐஸ்கிரீம்தான் எங்கள் மதம் என்ற பொருளில் ஒரு வாசகமும் இருந்தது. வந்த புகார்கள் பத்துதான். ஆனாலும் அந்நாட்டு விளம்பரக் கட்டுப்பாட்டு அமைப்பு விசாரித்து, போப் 16ஆம் பெனடிக்ட் பிரிட்டன் வரவிருந்த அந்த செப்டம்பர் மாதத்தில் அதைத் தடை செய்தது.

சகோதரர்களே, தாய்மார்களே! இப்போது சொல்லுங்கள், இது 'அவர்களுடைய' விஷயம் மட்டும்தானா? மர்யம் (அலை) அவர்களின் கற்பு நம்முடைய ஈமானின் ஒரு பகுதி. தன் கற்பைக் காத்துக்கொண்ட பெண்மணி என்று அல்குர்ஆன் அவர்களைப் புகழ்கிறது (66:12). அவர்கள் மீது அவதூறு சொன்னவர்களை அல்லாஹ் கண்டிக்கிறான் (4:156). ஒரு பெண்ணின் பெயரால் முழு சூராவே இருக்கிறதென்றால் அது அவர்களின் பெயரால்தான். அந்தப் பெயரோடு ஒட்டிய நம்பிக்கையை எடுத்து, கர்ப்பிணியான அருட்சகோதரி என்ற கிண்டலை வைத்து இனிப்பு விற்றால், முதலில் முகம் சுளிக்க வேண்டியவர்கள் நாமல்லவா?

நற்கருணை விஷயத்திலும் யோசியுங்கள். அல்குர்ஆனின் ஐந்தாவது சூராவுக்கு 'அல்மாயிதா' என்று பெயர். உணவு வைத்த விரிப்பு என்று பொருள். ஹவாரிய்யூன்கள், வானத்திலிருந்து ஓர் உணவு விரிப்பு இறங்க வேண்டும் என்று கேட்டார்கள். முன்னோருக்கும் பின்னோருக்கும் அது பெருநாளாக இருக்கட்டும் என்று ஈஸா (அலை) துஆ செய்தார்கள் (5:112-115). கிறிஸ்தவர்கள் சொல்லும் இறுதி இராவுணவும் இந்த மாயிதாவும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஈஸா (அலை) அவர்களும் அவர்களுடைய தோழர்களும் அமர்ந்த உணவு விரிப்பின் பெயரில் ஒரு சூராவை ஓதும் சமூகம், அந்த நபியின் நினைவாக உண்ணப்படும் அப்பத்தைப் பார்த்து எப்படிச் சிரிக்கும்?

துறவிகள் விஷயத்திலும் நம் முன்னோர்களின் வழி இருக்கிறது. முஃமின்களுக்கு அன்பில் நெருக்கமானவர்களாகக் கிறிஸ்தவர்களைக் குறிப்பிடும் அல்லாஹ், அவர்களில் பாதிரிமார்களும் துறவிகளும் இருப்பதையும், அவர்கள் பெருமையடிக்காததையும் அதற்குக் காரணமாகச் சொல்கிறான் (5:82). துறவறம் அல்லாஹ் விதித்ததல்ல, அவர்களாக ஏற்படுத்திக்கொண்டது என்றும் அதே குர்ஆன் சொல்கிறது (57:27). இரண்டும் உண்மை. கலீஃபா அபூபக்ர் (ரழி) ஷாம் நாட்டுக்குப் படையை அனுப்பியபோது, தங்களை இறைவனுக்காக ஒதுக்கிக்கொண்டதாகச் சொல்லும் மக்களை அங்கே காண்பீர்கள், அவர்களை அப்படியே விட்டுவிடுங்கள் என்று உபதேசித்தார்கள் (முவத்தா). போர்க்களத்திலேயே விட்டுவிடச் சொன்னார்கள்! ஒரு பாக்கெட் சிப்ஸ் விற்பதற்காக அவர்களை விடாமல் பிடித்து இழுக்கிறது இன்றைய சந்தை.

முரசுச் சத்தம்

ஜும்ஆ நாளில் இந்த விஷயத்தைப் பேசுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. சூரத்துல் ஜும்ஆவின் கடைசி வசனத்தை நினைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஜும்ஆவில் இருந்தபோது ஷாமிலிருந்து உணவுப் பொருட்களோடு ஒட்டகக் கூட்டம் வந்தது. மக்கள் அதை நோக்கிக் கலைந்துபோனார்கள். பன்னிரண்டு பேர்தான் மிஞ்சினார்கள் என்று ஜாபிர் (ரழி) அறிவிக்கிறார்கள் (புகாரி). வியாபாரக் கூட்டம் வந்தால் முரசு கொட்டி அறிவிப்பது அன்றைய வழக்கம் என்று தஃப்ஸீர்களில் காண்கிறோம். அதனால்தான் அந்த வசனம் வியாபாரத்தையும் வேடிக்கையையும் சேர்த்தே சொல்கிறது. அல்லாஹ்விடம் இருப்பது இவை இரண்டையும்விடச் சிறந்தது என்று முடிகிறது (62:11).

முரசு என்றால் என்ன? அந்தக் காலத்து விளம்பரம்! அன்று முரசு பள்ளிவாசலுக்கு வெளியே ஒலித்து, உள்ளே இருந்தவர்களை இழுத்தது. இன்றைய விளம்பரம் அதோடு நிற்பதில்லை. வழிபாட்டுத் தலத்துக்குள்ளேயே நுழைந்து, மக்கள் கண்ணீரோடு செய்யும் வழிபாட்டையே எடுத்து முரசாகக் கட்டி அடிக்கிறது. இன்று அது தேவாலயத்து அப்பம். நாளை அது நம்முடைய இஹ்ராம் துணியாக இருக்கலாம், பாங்கோசையாக இருக்கலாம். எதையாவது விற்க வேண்டும், அதற்கு எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்பிப் பார்க்க வைப்பதற்கு இருப்பதிலேயே சுலபமான வழி, மக்கள் தொடத் தயங்கும் ஒன்றைத் தொடுவது. அந்தக் கணக்குக்கு முன்னால் எல்லாச் சமயமும் ஒன்றுதான்.

மார்க்கம் வியாபாரத்தை வெறுக்கவில்லை. தொழுகை முடிந்தால் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்பதும் அதே சூராதான் (62:10). விற்கும்போதும் வாங்கும்போதும் பெருந்தன்மையாக நடப்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் ரஹ்மத்தை வேண்டி துஆ செய்தார்கள் (புகாரி). ஒருவருடைய நெஞ்சைக் கீறி லாபம் பார்ப்பது எந்தப் பெருந்தன்மையில் சேரும்?

சட்டம் அனுமதித்தால் போதுமா?

லித்துவேனியா நாட்டில் 2012இல் ஒரு துணி நிறுவனம், ஈஸா (அலை), மர்யம் (அலை) ஆகியோரைப் போன்ற உருவங்களுக்குத் தன் ஆடைகளை அணிவித்து, அவர்களுடைய பெயர்களைச் சொல்லி ஆடையை வியப்பது போல வாசகம் போட்டு விளம்பரம் செய்தது. அந்நாடு 2,000 லித்தாஸ், அதாவது சுமார் 580 யூரோ அபராதம் விதித்தது. நிறுவனம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2018 ஜனவரியில் அந்த நீதிமன்றம், இந்த அபராதம் கருத்துச் சுதந்திரத்தை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. இத்தாலியிலும் பிரிட்டனிலும் நிறுத்தப்பட்டன, இங்கே விளம்பரம் செய்தவர் வென்றார்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் என்ன? அரசுகள் கோட்டை எங்கே போடுவது என்று விவாதித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாட்டில் குற்றமானது இன்னொரு நாட்டில் உரிமை. பேச்சுக்கெல்லாம் தண்டனை என்று போனால் அந்தச் சாட்டை நாளை யார் முதுகில் விழும் என்று சொல்ல முடியாது. அந்த அச்சத்திலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு முஃமின் 'இதற்கு அபராதம் உண்டா?' என்று மட்டும் கேட்பவன் அல்ல. 'இதை அல்லாஹ் பொருந்திக்கொள்வானா?' என்று கேட்பவன். விளைவை யோசிக்காமல் ஓர் அடியான் பேசும் ஒரே வார்த்தை, கிழக்குக்கும் மேற்குக்கும் இடைப்பட்ட தூரத்தைவிட ஆழமாக அவனை நரகில் வீழ்த்தும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). அந்த ஹதீஸின் முன்னால் எந்த நீதிமன்றத் தீர்ப்பும் நமக்குக் கேடயமாகாது.

புண்பட்டவர் என்ன செய்வது?

இந்தச் சம்பவங்களில் இன்னொரு படிப்பினையும் இருக்கிறது. இத்தாலியில் அந்த நேயர் சங்கம் கடையை உடைக்கவில்லை, யாரையும் மிரட்டவில்லை. எந்த விதி மீறப்பட்டதோ அந்த விதியைச் சொல்லி முறையிட்டார்கள், விளம்பரம் நின்றது. பிரிட்டனில் பத்துப் பேரின் புகார் போதுமானதாக இருந்தது. 1998இல் பிரான்ஸில் ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனம் இறுதி இராவுணவுக் காட்சியைக் காருக்காகக் கேலியாக்கிச் சுவரொட்டி ஒட்டியது. ஆயர்கள் தரப்பு நீதிமன்றத்தை நாடியதும் நிறுவனம் சுவரொட்டிகளை எடுத்துவிட்டு, கத்தோலிக்க அறக்கட்டளை ஒன்றுக்கு நன்கொடையும் கொடுத்தது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அந்த ஐஸ்கிரீம் நிறுவனம் தடைக்குப் பிறகு அடங்கவில்லை. போப் செல்லும் பாதையிலேயே புதிய பலகை வைப்போம் என்று அறிவித்தது. ஏன்? கோபம்தான் அவர்களுக்கு இலவச விளம்பரம். நாம் எவ்வளவு கத்துகிறோமோ அவ்வளவு பேர் அவர்களுடைய பெயரைத் தெரிந்துகொள்வார்கள். ஆகவே நமது புனிதங்கள் கேலி செய்யப்படும்போதும் இந்த வழியே நமக்கு நல்லது. அந்தப் படத்தை ஆயிரம் பேருக்கு அனுப்பி 'பாருங்கள் அநியாயத்தை' என்று பரப்பாதீர்கள். உரிய இடத்தில் எழுத்தில் முறையிடுங்கள். நம் நாட்டிலும் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 1985 முதல் இருக்கிறது. சாதாரணக் குடிமகனும் அதில் புகார் கொடுக்கலாம். அந்தப் பொருளை வாங்காமல் விட்டுவிடுவதும் நம் கையில்தான் இருக்கிறது.

நம் வீட்டைப் பார்ப்போம்

கடைசியாக, அடுத்த நாட்டுக்காரர்களைக் குறை சொல்லிவிட்டு எழுந்து போய்விடக் கூடாது. நாம் என்ன செய்கிறோம்?

முதலாவது, நம் வியாபாரிகள். அல்லாஹ்வின் பெயரையும் கஃபாவின் படத்தையும் பையிலும் பாக்கெட்டிலும் அச்சடிக்கிறோம். பொருள் தீர்ந்ததும் அது எங்கே போகிறது? சாக்கடையில், குப்பைத் தொட்டியில், காலுக்கடியில். கேலி செய்யும் எண்ணம் நமக்கு இல்லை, உண்மைதான். ஆனால் புனிதத்தை விற்பனைக்குத் துணையாக்கிவிட்டு அதன் கண்ணியத்தைக் காக்காமல் விடுவதும் ஒரு குறைதான். இதை இந்த வாரமே சரிசெய்யலாம்.

இரண்டாவது, நம் பிள்ளைகள். விளம்பரத் துறையிலும் வீடியோ தொகுப்பிலும் நம் வாலிபர்கள் பலர் வேலை செய்கிறார்கள். ஹலாலான சம்பாத்தியம், அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆனால் பாவசங்கீர்த்தனக் கூண்டையோ, திருமுழுக்கையோ, கோயில் பூசையையோ வைத்து நகைச்சுவை எழுதச் சொன்னால், 'வேறு யோசனை தருகிறேன்' என்று சொல்லும் தைரியம் வேண்டும். நம்முடைய சுஜூதை வைத்துச் செய்யச் சொன்னால் செய்வோமா என்று ஒரு நிமிடம் யோசித்தால் பதில் தானாக வரும். நமக்கு விரும்புவதையே பிறருக்கும் விரும்ப வேண்டும் என்பது நபிமொழியல்லவா?

மூன்றாவது, நம் கைபேசி. உங்கள் பக்கத்துக் கடையில் ஒரு கிறிஸ்தவச் சகோதரர் இருப்பார். உங்கள் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் ஓர் அருட்சகோதரியாக இருந்திருப்பார். மருத்துவமனையில் உங்கள் தாய்க்குக் கட்டுப் போட்டவரும் அவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம். நாளை நோன்புக் கஞ்சியை அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம். இன்று அவர்களுடைய வழிபாட்டைக் கிண்டல் செய்யும் வீடியோவைச் சிரித்துக்கொண்டே அனுப்புவோமா?

அந்த வாலிபரிடம் அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். 'தம்பி, உன் நண்பன் ஜோசப்போ ஆரோக்கியமோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இதைப் போட்டுக் காட்டுவாயா?' சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து அதை அழித்தார். குழுவிலும், 'நான் சிரித்தது தவறு, எல்லோரும் அழித்துவிடுங்கள்' என்று எழுதிவிட்டதாக இஷாவுக்கு வந்தபோது சொன்னார். அன்று சண்டை போட்ட அந்த ஒருவருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! எல்லோரும் சிரிக்கும்போது ஒருவர் மட்டும் தடுப்பது எளிதல்ல. நன்மையை ஏவி தீமையைத் தடுப்பது என்பது சில நேரங்களில் இப்படிச் சின்ன இடத்தில்தான் நம்மைத் தேடி வருகிறது.

'நமக்கு என்ன?' என்று தொடங்கினோம். நமக்கு நிறைய இருக்கிறது. நம் நாவு இருக்கிறது, நம் விரல் இருக்கிறது, நம் வியாபாரம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மறுமையில் கேள்வி இருக்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளைக் கேலியை விட்டும் காப்பாற்றுவாயாக! எங்கள் வியாபாரத்தைத் தூய்மையாக்கி பரக்கத் செய்வாயாக! கொள்கையில் உறுதியையும் பேச்சில் கண்ணியத்தையும் ஜஃபர் (ரழி) அவர்களுக்குக் கொடுத்ததைப் போல் எங்களுக்கும் கொடுப்பாயாக! அண்டை அயலாரோடு அவர்களுடைய மனம் நோகாமல் வாழும் தவ்ஃபீக்கைத் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.